சமாதானம் வரவில்லையே, விசுவாசம் குறைவா?

பிப்ரவரி 4, காலை (கேள்வி)

என் அக்காவுக்கு நான்காம் நிலைப் புற்றுநோய். இனிமேல் குணமாக்கும் சிகிச்சை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் விசுவாசக் குடும்பம். கர்த்தரை நம்புகிறவர்களுக்குக் கடைசிக் காலத்தில் சமாதானம் தானாக வரும் என்று சபையில் எல்லாரும் சொல்கிறார்கள். அக்காவோ ராத்திரி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று தலையசைக்கிறாள். விசுவாசம் குறைந்துவிட்டதா? தங்கையாக நான் என்ன செய்ய வேண்டும்?

பிப்ரவரி 4, இரவு

நான் அக்கா கட்சி. எனக்குக் கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்குப் போய்விட்டது. கீமோவை நான்கு சுற்றோடு நிறுத்தியாயிற்று. சுவரைப் பார்த்துப் படுப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. என் அறைச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே வெள்ளை உதிர்ந்து ஓர் இடம் இருக்கிறது, பார்க்க வாத்து மாதிரி இருக்கும். அதன் அலகு எங்கே முடிகிறது என்பது வரை எனக்குத் தெரியும்.

முதலில் அவருக்கு வலி இருக்கிறதா என்று கேளுங்கள். "நல்லா இருக்கியா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. எங்கே, எப்போது, பத்துக்கு எத்தனை என்று கேளுங்கள். வலியில் இருப்பவனுக்கு ஜெபம் வராது. சிகாகோவின் பேராயராக இருந்த கர்தினால் ஜோசப் பெர்னார்டினுக்கும் 1995 ஜூனில் இதே கணையப் புற்றுநோய்தான் கண்டுபிடித்தார்கள். உடம்பு நன்றாக இருக்கும்போதே ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள், நோய் வந்த பிறகு முடியாமல் போகலாம் என்று அவர் நண்பர்களிடம் சொன்னார். வாழ்நாள் முழுக்க ஜெபத்தையே வேலையாகச் செய்த மனிதருக்கே அந்த நிலை. அக்காவை விட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 5

இன்னொன்று. விசாரிக்க வருகிறவர்களைக் குறைத்துவிடுங்கள். நோயாளியைப் பார்க்கப் போவதற்கும் போலீஸ் செய்வதற்கும் தமிழில் ஒரே சொல் வைத்தவன் அனுபவசாலி. எப்போது தெரிந்தது, ஏன் முன்னாலேயே பார்க்கவில்லை, குடித்தாயா, புகைத்தாயா, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. கடைசியில் கையெழுத்து மட்டும்தான் வாங்கவில்லை.

பிப்ரவரி 9

மார்ஃபின் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அக்கா வேண்டாம் என்கிறாராம். நானும் ஆறு வாரம் வேண்டாம் என்றேன். என் காரணம் பக்தி. சிலுவையில் அறையப் போகும்போது வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தைக் கொடுத்தார்கள், இயேசு வாங்கவில்லை என்று மாற்கு எழுதுகிறார். அவரே வலியைத் தாங்கினார், நான் மட்டும் மயக்கத்தில் போவதா என்று பிடிவாதம். யோவான் எழுதியதை வசதியாக மறந்துவிட்டேன்: கடைசியில் தாகமாயிருக்கிறது என்று சொல்லி, கொடுத்த காடியை அவர் வாங்கினார். வாங்கியதும் பைபிளில்தான் இருக்கிறது.

உள்ளே இருந்த நிஜக் காரணம் பயம். மார்ஃபின் என்றால் முடிவு, எடுத்தால் அடிமை, எடுத்தால் சீக்கிரம் சாவு என்று. வலியைத் தணித்துப் பார்த்துக்கொள்ளும் பாலியேட்டிவ் டாக்டர் பொறுமையாக விளக்கினார். வாய்வழி மருந்து, சின்ன அளவில் தொடங்குவது, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி வந்தாலும் வராவிட்டாலும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமாக வரும், அப்புறம் தெளிந்துவிடும். அப்படியே நடந்தது. மார்ஃபின் எடுத்தால் மோட்சம் பக்கத்தில் வந்துவிடும் என்று பயந்திருந்தேன், வந்தது மலச்சிக்கல். அது மட்டும் தூக்கம் மாதிரி தானாகத் தெளியாது. முதல் நாளிலிருந்தே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு நான் பட்ட பாடு இங்கே எழுதும்படி இல்லை.

வலி வந்த பிறகு மருந்து என்பதை மாற்றி, வலி திரும்புவதற்குள் மருந்து என்று உலகத்தை ஒத்துக்கொள்ள வைத்தவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது சாகப்போகிறவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கியவர். விசுவாசமுள்ள கிறிஸ்தவப் பெண். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனதிலும் உறவிலும் ஆன்மாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்பது அவர் சொன்னது. அது எல்லாருக்கும் பிடிக்கும், மேடையில் சொல்லலாம். ஆனால் அவர் உடம்பு வலியைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

பிப்ரவரி 10

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். மறந்து விடவில்லை, தெரிந்துதான் விட்டேன்.

மார்ஃபின் தொடங்கி மூன்று வாரம் கழித்துச் சுகமளிக்கும் ஊழியம் செய்கிற ஒருவரை யாரோ வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். தலையில் கை வைத்து ஜெபித்தார். நன்றாகவே ஜெபித்தார், பொய் சொல்லக் கூடாது. பிறகு, மருந்தில் ஒரு கால், விசுவாசத்தில் ஒரு கால் வைத்தால் அற்புதம் நடக்காது என்றார். நான் யாரிடமும் சொல்லாமல் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினேன். மார்ஃபினைச் சட்டென்று நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்த தாள் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. வலி திரும்பியது போதாதென்று வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு. இரண்டாம் நாள் விடியற்காலை என் மனைவி என்னைத் தரையில் கண்டாள்.

அந்த மனிதரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நான் கேட்க விரும்பியதை அவர் சொன்னார்.

பிப்ரவரி 12

வாத்தைப் பற்றிக் கேட்டவருக்கு: அலகு இடது பக்கம்.

பிப்ரவரி 21

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். மருந்தின் அளவை மாற்றினார்களாம், அக்கா ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்கினாராம். எனக்கும் சேர்த்துத் தூங்கட்டும்.

ஆனால் இன்னும் பேசவில்லை, ஜெபத்துக்கும் சம்மதிக்கவில்லை, யாரைக் கூட்டி வந்தால் சமாதானம் சொல்வார்கள் என்று கேட்கிறீர்கள். அந்த வார்த்தையில்தான் வம்பு. சமாதானம் என்றால் அமைதி. சண்டை நின்றாலும் சமாதானம். தப்பு செய்தவன் சொல்லும் சாக்குக்கும் சமாதானம் என்றுதான் பெயர். என்னிடம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாவதைத்தான் கொண்டு வந்தார்கள். கடவுள் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் மாதிரி, அவருக்காக இவர்கள் சமாதானம் சொன்னார்கள். "அவருக்கு ஒரு திட்டம் இருக்கும்." "தாங்க முடியாததைக் கொடுக்க மாட்டார்." "உங்களை மாதிரி நல்லவர்களைத்தான் சோதிப்பார்."

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்களும் இதைத்தான் செய்தார்கள். அவர்களை எல்லாரும் திட்டுகிறோம், ஆனால் முதலில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்தார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஒரு வாரம் அவர்கள் உலகத்திலேயே நல்ல நண்பர்கள். வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில் கடவுள் கோபித்துக்கொண்டது கத்தித் தீர்த்த யோபுவை இல்லை, தனக்காக வாதாட வந்த அந்த மூவரைத்தான்.

மார்ச் 2

சரி, என்னோடு தரையில் உட்கார யாராவது இருந்தார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருந்தான். இருக்கிறான்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மதியம் வருவான். வந்ததும் என் மனைவியைப் பார்த்து, "நீங்க போய்ப் படுங்க" என்பான். அவள் பக்கத்து அறையில் இரண்டு மணி நேரம் கட்டையாகத் தூங்குவாள். அதற்காகவே அவனுக்குத் தனி கிரீடம் உண்டு. அப்புறம் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்காருவான். என்னென்னவோ பேசுவோம், பல நாள் பேசவே மாட்டோம். போன வாரம் என் கால் நகங்களை வெட்டிவிட்டான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என் காலைத் தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரல் நகம் சின்னது, அதற்கு வெட்டியை ஓரமாகத் திருப்பிப் பிடித்தான். காலில் நீர் கோத்து வீங்கி, தோல் பளபளவென்று இருக்கிறது, எங்கே கீறிவிடுமோ என்று அவனுக்குக் கவலை. "ஆடாம இருடா" என்றான். ஆடும் நிலையிலா இருக்கிறேன்.

போகும்முன் பைபிளிலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பான். வாசிப்பு சகிக்காது. வரவு செலவுக் கணக்குப் படிப்பது மாதிரி ஒரே தொனி, வரிக்கு வரி நிறுத்தம். 88ஆம் சங்கீதத்தை அவன் வாசித்த நாளில்தான் கவனித்தேன், அது இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடிகிறது. கடைசியில் ஒட்டுப் போட்ட நம்பிக்கை வரி எதுவும் இல்லை. அவன் புத்தகத்தை மூடிவிட்டு, "அவ்வளவுதான் இருக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களில் பைபிள் வாசித்து வந்த முதல் சிரிப்பு.

மார்ச் 3

எத்தனை வருஷப் பழக்கம் என்றால், முப்பத்திரண்டு. நடுவில் ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. அவன்தான் கோபித்துக்கொண்டு போனான். அது வேறு கதை.

மார்ச் 14

இந்தப் பத்து நாள் சரியில்லை. மஞ்சள் காமாலை கூடி, பித்தநாளத்தில் வைத்த குழாய் அடைத்து, காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

"அற்புதத்துக்காகக் கடைசி வரை போராடுவதுதானே விசுவாசம், நீங்கள் சீக்கிரமே கைகழுவிவிட்டீர்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமில்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். 2009இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது, முற்றிய புற்றுநோய் உள்ள 345 பேரிடம் செய்தது. கடவுளை மிக அதிகமாகச் சார்ந்து நோயை எதிர்கொண்டவர்களில் 11.3 சதவீதம் பேருக்குக் கடைசி நாட்களில் செயற்கை சுவாசக் கருவி வைத்திருந்தார்கள். அந்தச் சார்பு குறைவாக இருந்தவர்களில் 3.6 சதவீதம் பேருக்குத்தான். முதலில் படித்தபோது தலைகீழாக அச்சடித்துவிட்டார்களோ என்று நினைத்தேன். மோட்சத்தை நம்புகிறவன்தானே சீக்கிரம் விடுவான்?

யோசித்தால் புரிகிறது. எனக்கும் அதே கணக்குத்தான் ஓடியது: குழாயைப் பிடுங்கினால் கடவுளுக்கு வாய்ப்புக் கொடுக்காத மாதிரி ஆகிவிடும். அவர் வேலை செய்ய நாம் மூச்சை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது மாதிரி. போராடுகிறவர்களைக் குறை சொல்லவில்லை, சின்னப் பிள்ளைகள் இருந்தால் நானும் போராடியிருப்பேன். தொண்டையில் குழாயோடு பேச முடியாது என்பதால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பேச ஒரு பாக்கி இருக்கிறது.

மார்ச் 15

பாக்கி என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பொறுங்கள்.

மார்ச் 20

தங்கச்சிக்கு. அக்காவுக்கு ஜெபிக்க முடியவில்லையே, அது கணக்கில் வருமா என்று கேட்டீர்கள்.

திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்த கதையைத் திரும்பப் படியுங்கள். கூட்டத்தில் வழி இல்லை. வீட்டுக்கு மேலே ஏறி, கூரையைப் பிரித்து, படுக்கையோடு உள்ளே இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" அவனோடு பேசுகிறார். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்ட கதை, அந்த "அவர்கள்" காதில் விழுந்ததில்லை. படுத்திருந்தவன் நம்பினானா இல்லையா என்பது கதையிலேயே இல்லை. அவனுக்கு ஒரு வசனமும் கிடையாது. சுமந்து வந்த கைகளைப் பார்த்தே காரியம் நடக்கிறது.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இதற்கு நேர் எதிர். ஒரு மணி நேரம் விழித்திருங்கள் என்று நண்பர்களைக் கேட்கிறார், அவர்கள் தூங்கிவிட்டார்கள். கடவுளின் குமாரனுக்கே பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே அக்காவிடம் ஜெபம் கேட்காதீர்கள். நீங்கள் அந்தப் படுக்கையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சத்தமாக வேண்டாம், கூரை பிரிப்பதே போதுமான சத்தம்.

இதை என் நண்பனிடம் சொன்னபோது, "கூரையைப் பிரிச்சவங்ககிட்ட அப்புறம் யாரு கணக்குக் கேட்டாங்க?" என்றான். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குத்தான் அது எங்கே குத்த வேண்டுமோ அங்கே குத்தியது.

ஏப்ரல் 1

தேதியைப் பார்த்து விளையாட்டு என்று எண்ண வேண்டாம்.

பெர்னார்டினைப் பற்றி மேலே எழுதினேனே, அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் தேடிப் படித்தேன். மரணத்தை நண்பனாகப் பார்க்கலாம் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஹென்றி நோவென் என்ற டச்சுப் பாதிரியார். 1995 ஜூலையில் அவரைப் பார்க்க வந்து சொல்லிவிட்டுப் போனவர், நல்ல உடம்போடு. நோவென் 1996 செப்டம்பரில் மாரடைப்பில் இறந்துபோனார், பெர்னார்டின் நவம்பரில். பாடம் சொன்னவர் முதலில் தேர்வு எழுதினார். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நல்ல கதை என்று.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்திருக்கிறது. 1993 நவம்பரில் ஓர் இளைஞர், பெர்னார்டின் தன்னைச் சீரழித்ததாக வழக்குப் போட்டார். உலகம் முழுக்கச் செய்தி. 1994 பிப்ரவரியில், தன் நினைவை நம்ப முடியவில்லை என்று சொல்லி வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த இளைஞர் அப்போது எய்ட்ஸில் செத்துக்கொண்டிருந்தார். அந்த வருஷக் கடைசியில் பெர்னார்டின் அவரைத் தேடிப் போய்ப் பார்த்து, சமாதானமாகி, அவருக்காகத் திருப்பலி செய்து எண்ணெய் பூசினார்.

இத்தனை நாள் என்னை நான் பெர்னார்டினாக நினைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அதே கணையம், அதே கல்லீரல். நான் அவர் இல்லை. நான் அந்த மற்ற ஆள்.

சபைக் கட்டிடத்துக்குக் கூரை மாற்றினோம். அவன் பொருளாளர். ஆண்டுக் கூட்டத்தில் நான் எழுந்து, இரும்புத் தகட்டுக் கணக்கில் ஒரு தொகை இடிக்கிறதே என்று கேட்டேன். கேட்டது தப்பில்லை. கேட்ட விதம் இருக்கிறதே, நூற்றைம்பது பேர் முன்னால், ஒரு சின்னச் சிரிப்போடு. அவன் எழுந்து சாவியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான். அதோடு ஒன்பது வருஷம். "அவன்தான் கோபித்துக்கொண்டு போனான்" என்று மார்ச் 3 எழுதியதை அடித்துவிடுகிறேன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு ரசீதை நான்தான் இரண்டு முறை கூட்டியிருந்தேன்.

ஏப்ரல் 2

இன்னும் முழுசாகச் சொல்லவில்லை. இரண்டு முறை கூட்டியது எனக்கு ஒரு மாதத்திலேயே தெரியும்.

ஏப்ரல் 3

எப்படித் திரும்பி வந்தான் என்று கேட்கிறீர்கள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்தான். வாசலில் நின்று, "உள்ளே வரலாமா" என்று மட்டும் கேட்டான். நான் அழுதுவிட்டேன், அதையே மன்னிப்புக் கேட்டதாக வைத்துக்கொண்டேன். மலிவாகத் தப்பித்தாயிற்று என்று ஐந்து மாதம் நிம்மதியாக இருந்தேன். கேட்டவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: சுவரைப் பார்த்துப் படுப்பதற்கு வலி ஒரு காரணம், அது மட்டுமே காரணம் என்று நான் பிப்ரவரியில் அடித்துச் சொன்னது மாதிரி இருந்தால், அது சரியில்லை. மார்ஃபின் போட்ட பிறகும் வாத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன்.

ஏப்ரல் 11

சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, அவன் சங்கீதத்தை எடுக்கும்முன். ரசீது, ஒரு மாதத்தில் தெரிந்தது, ஒன்பது வருஷம் வாயைத் திறக்காதது, எல்லாம். நாக்கு உலர்ந்து பாதி வார்த்தை வரவில்லை, அவன் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தான். முடித்ததும், "தெரியும்" என்றான்.

எப்போதிருந்து தெரியும்? மறுநாளே. வீட்டுக்குப் போய்க் கூட்டிப் பார்த்திருக்கிறான். எது இரட்டித்தது என்று கண்டுபிடித்துவிட்டான். நீ வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன் என்றான். எத்தனை நாள் காத்திருந்தாய் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "ஒரு வருஷம் நல்லா காத்திருந்தேன். அப்புறம் மறந்துட்டேன். அப்புறம் மறுபடி ஞாபகம் வந்து கோவம் வந்துச்சு" என்றான். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்றைக்கு இரண்டு சங்கீதம் வாசித்தான்.

ராத்திரி தூங்கினேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை.

ஏப்ரல் 16

தங்கச்சி, அக்கா பேசியதாக எழுதியிருந்ததைப் படித்தேன். "நீ பக்கத்துல சும்மா இரு" என்றாராமே. இருங்கள்.

சாண்டர்ஸ் கதையில் ஒன்று விட்டுப்போயிற்று. அவருடைய ஹாஸ்பிஸுக்கு விதை போட்டது 1948இல் செத்துக்கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தவர், இவர் போய் உட்கார்ந்து பேசிப் பேசி நண்பரானவர். உங்கள் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி 500 பவுண்டு எழுதி வைத்தார். கட்டிடம் வர 19 வருஷம் ஆனது. வீட்டுக்கு முன்னால் ஜன்னல் வந்துவிட்டது.

ஏப்ரல் 27

நான் சொல்லச் சொல்ல அவன் தட்டச்சு செய்கிறான். தப்பு இருந்தால் அவனுடையது.

(இல்லை. இவர் பாதி வார்த்தையை முழுங்குகிறார். – தட்டச்சு செய்பவன்)

மூச்சு வாங்குகிறது. முகத்துக்கு நேராக ஃபேன் வைத்தால் அடங்குகிறது, நர்ஸ் சொன்ன வித்தை, அக்காவுக்கும் வேண்டியிருக்கலாம். பசி இல்லை. சாப்பிடாததால் சாகவில்லை, சாவதால் சாப்பிடவில்லை என்று என் மனைவிக்கு டாக்டர் சொல்லிவிட்டார், இனி யாரும் ஸ்பூனோடு துரத்த மாட்டார்கள். எண்ணெய் பூசி ஜெபித்தாயிற்று. பயம் போய்விட்டதா என்று கேட்டால், ராத்திரி மூன்று மணிக்கு வரும். மணியை அடித்தால் யாராவது வருவார்கள்.

சபைக்கு ஒரு கடிதம் சொல்லி எழுத வைத்திருக்கிறேன். கூரைக் கணக்கு சரி, கூட்டலில் தப்பு என்னுடையது, ஞாயிறு எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும்.

(இது தேவையில்லை என்று சொன்னேன். கேட்கவில்லை. – தட்டச்சு செய்பவன்)

நூற்றைம்பது பேர் முன்னால் கேட்டேன். நூற்றைம்பது பேர் முன்னால்தான் வாசிக்க வேண்டும். வாசிப்பது இவனாக இருக்கக் கூடாது, தூங்கிவிடுவார்கள்.

(சிரிக்கிறார். இருமல் வந்துவிட்டது. ஃபேனை ஒரு புள்ளி குறைக்கச் சொல்கிறார். குறைத்தேன். இப்போது கூட்டச் சொல்கிறார்.)